பி.காம். படிச்சு என்ன செய்யப் போறா?

“ஏம்மா, பொண்ணை எதுல சேர்க்கப் போறீங்க?”

2021ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள் என் மூத்த நாத்தனார் கேட்ட கேள்வி இது. கொரோனா காரணமாகப் பிளஸ் டூ பரீட்சையே நடக்காமல் எல்லாரையும் பாஸ் போட்ட வருடம் அது. என் பெரியவள் அரசுப் பள்ளியில் காமர்ஸ் குரூப் எடுத்துப் படித்தவள். மார்க் பட்டியல் கைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

“பி.காம். சேரணும்கிறா” என்றேன், காப்பி டம்ளரை நீட்டியபடியே.

“பி.காமா? அது படிச்சு என்ன செய்யப் போறா? கடைசியில கல்லாவுலதானே உட்காரப் போறா! அதுக்கு மூணு வருஷம் காலேஜ் எதுக்கு? நர்ஸிங், கம்ப்யூட்டர்னு ஏதாவது உருப்படியாச் சேர்த்து விடுங்க.”

கும்பகோணத்தில் எங்களுக்குச் சிறிய பாத்திரக் கடை இருக்கிறது. என் மாமனார் காலத்திலிருந்து நடப்பது. என் கணவர் எப்போதும் அக்கா பேச்சைத் தட்டாதவர். “அக்கா சொல்றதும் சரிதானே” என்று எழுந்து கடைக்குப் போய்விட்டார். மகள் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு ரொம்பப் பழக்கமானது. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நின்றேன்.

பீரோவில் ஒரு மார்க் ஷீட்

நான் பிளஸ் டூ முடித்தது 1997இல். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு கிராமம். கணக்குப்பதிவியலில் 200க்கு 182 வாங்கினேன். வகுப்பு ஆசிரியை வீடு தேடி வந்து, “இவளை பி.காம். சேருங்க, நல்லா வருவா” என்று அப்பாவிடம் சொன்னார். கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். “வயசுப் பொண்ணு தினம் ரெண்டு பஸ் மாறிப் போய்ட்டு வர்றதா? வேணாம் டீச்சர்” என்று அப்பா கைகூப்பி விட்டார். நாலு வருடம் வீட்டில் இருந்தேன். கூடை பின்னினேன், தையல் கற்றேன். பிறகு கல்யாணம்.

அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவு. ஆனால் அந்த மார்க் ஷீட்டை இன்னும் பட்டுப் புடவை நடுவே வைத்திருக்கிறேன். அன்று ராத்திரி அதை எடுத்து என் கணவர் முன் வைத்தேன். “எனக்குக் கிடைக்கலை. அவளுக்காவது கிடைக்கட்டும்” என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. மறுநாள் காலையில், “விண்ணப்பம் எப்படிப் போடறதுன்னு கேளு” என்றார்.

ஊரிலேயே அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் வருடம் நான் கட்டிய பணம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். 2022 செப்டம்பரில், அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் வந்தது. என் மகளுக்கும் அது கிடைத்தது. புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் என்னிடம் கையேந்தாமல் படித்தாள்.

அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

பி.காம். என்றால் கூட்டல் கழித்தல் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். முதல் வருடம் நிதிக் கணக்கியல். அடுத்து கம்பெனிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல். கடைசி வருடத்துக்குள் வருமான வரி, தணிக்கை, மேலாண்மைக் கணக்கியல். கூடவே வணிகச் சட்டம், புள்ளியியல், பொருளாதாரம். கல்லூரிக்குக் கல்லூரி வரிசை கொஞ்சம் மாறலாம். சாரம் இதுதான்.

மகள் படிக்கும்போது நானும் அடுப்படியிலிருந்து காது கொடுத்துக் கேட்பேன். ஒரு நாள் என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் சத்தமாகப் படித்தாள்: கடைக்குப் பத்தாயிரம் ரூபாய் ரொக்கம் கொடுத்துச் சரக்கு வாங்கினால் கொள்முதல் கணக்கில் பற்று, ரொக்கக் கணக்கில் வரவு.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. “பணம் கையை விட்டுப் போயிருக்கு. அதைப் போய் வரவுங்கிறியே! காலேஜுல இப்படியா சொல்லித் தர்றாங்க?”

நானும் பிளஸ் ஒன்னில் இதே சந்தேகத்தில் தவித்தவள்தான். வீட்டுப் பேச்சில் வரவு என்றால் வருவது. கணக்குப் புத்தகத்தில் அப்படி இல்லை. மகள் பொறுமையாகச் சொன்னாள்: “பாட்டி, ஒவ்வொரு கணக்கையும் ஒரு ஆளுன்னு நினைச்சுக்கோங்க. சரக்குங்கிற ஆளு வாங்கிக்கிட்டான், அவன் பேர்ல பற்று. ரொக்கம்ங்கிற ஆளு கொடுத்தான், அவன் பேர்ல வரவு. ஒருத்தன் கொடுக்காம இன்னொருத்தன் வாங்க முடியாதில்லையா? அதனால எந்த ரூபாயையும் ரெண்டு இடத்துல எழுதணும்.”

“அப்படிச் சொல்லு” என்று மாமியார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

இதுதான் இரட்டைப் பதிவு முறை. இத்தாலியில் லூக்கா பாசியோலி என்ற துறவி 1494இல் வெனிஸ் நகரத்தில் அச்சிட்ட கணிதப் புத்தகத்தில் இந்த முறையை விளக்கி எழுதினார். அவர் கண்டுபிடித்தது அல்ல. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே கையாண்டு வந்ததை ஒழுங்காக எழுதி வைத்தார். ஐந்நூறு வருடத்துக்கு மேலாகியும் உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகள் இதே முறையில்தான் கணக்கு எழுதுகின்றன. நம் பக்கத்து லேவாதேவிக்காரர்களும் பேரேடு, ஐந்தொகை என்று வாழ்ந்தவர்கள்தானே!

மகள் சொன்ன இன்னொரு பாடம் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கலகத்தையே உண்டாக்கியது. வியாபாரம் வேறு, வியாபாரி வேறு என்பது அது. கடை நம்முடையதே ஆனாலும் கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுத்தால் ‘எடுப்பு’ என்று தனியாக எழுத வேண்டும். என் கணவர் காய்கறிக்கு, பால் கணக்குக்கு, கோயில் உண்டியலுக்கு என்று கல்லாவில் கைவிடுவார். எதுவும் எழுத மாட்டார். “என் கடை, என் பணம், எனக்கே சீட்டு எழுதணுமா?” என்று கோபித்துக்கொண்டார். மகள் ஒரு மாதம் மட்டும் எழுதச் சொல்லிக் கெஞ்சினாள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், கடையில் நிற்கும் லாபத்தைவிட நாங்கள் எடுத்தது அதிகம்! வியாபாரம் மந்தம், மந்தம் என்று இத்தனை நாள் புலம்பினோமே, பாதி மந்தம் எங்கள் வீட்டுச் செலவில் அல்லவா இருந்திருக்கிறது!

கடைக்கு வந்த சோதனை

2022 டிசம்பர் மாதம். எங்களிடம் மொத்தமாக வாங்கிப் போகும் பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். “அண்ணே, உங்க பில்லுக்கு எனக்கு வரிக் கழிவு வரவே இல்லியே. மூணு மாசமாப் பார்க்கறேன். உங்க கணக்கை ஒழுங்கா ஏத்தறீங்களா இல்லையா?”

ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1ஆம் தேதி. அன்றிலிருந்து எங்கள் கடைக் கணக்கை வெளியாள் ஒருவர்தான் பார்த்து வந்தார். மாதம் இரண்டு சாயங்காலம் வருவார். பில் புத்தகத்தைப் பார்ப்பார். “இந்த மாசம் வரி இவ்வளவு” என்பார். என் கணவர் ரொக்கமாக எடுத்துக் கொடுத்துவிடுவார். ரசீது கேட்டதே இல்லை. “அஞ்சு வருஷமா வர்றவரு, அவரைப் போய்ச் சந்தேகப்படறதா?” என்பார்.

அந்தப் போன் வந்த அன்று ராத்திரி மகள் தன் செல்போனில் ஜி.எஸ்.டி. இணையதளத்தைத் திறந்து, எங்கள் கடையின் 15 இலக்கப் பதிவு எண்ணைப் போட்டாள். எந்த மாதக் கணக்கு எந்தத் தேதியில் தாக்கலாயிற்று என்று யார் வேண்டுமானாலும் அதில் பார்க்கலாமாம். எங்களுக்கு அது தெரியாது. ஆகஸ்ட் வரை தேதி இருந்தது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்றையும் காணோம்.

அந்த மூன்று மாதத்துக்கு வரி என்று என் கணவர் கொடுத்தது 43 ஆயிரம் ரூபாய். அந்த மனிதர் போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் ஊரில் இல்லை என்றார்கள். என் கணவர் திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை. பணம் போனது ஒரு பக்கம். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் ஏறிக்கொண்டிருந்தது; கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. இப்படியே ஆறு மாதம் தொடர்ந்து விட்டால் பதிவையே ரத்து செய்யலாம். அதைவிட, மொத்த வியாபாரிகள் நம்மை விட்டுப் போய்விடுவார்கள். வரிக் கழிவு கிடைக்காத கடையில் யார் வாங்குவார்கள்?

கல்லூரியில் அவளுக்கு அப்போது வரிப் பாடமே வரவில்லை. இரண்டாம் வருடம்தான். ஆனால் கணக்கு எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பில் புத்தகங்களைக் கூடத்தில் பரப்பினாள். ஒன்பது ராத்திரி உட்கார்ந்து மூன்று மாத விற்பனையை நாள் வாரியாக எழுதினாள். நான் பில்லைப் படிப்பேன், அவள் எழுதுவாள். இருபத்தைந்து வருடம் கழித்துப் பற்றும் வரவும் என் நாக்கில் திரும்பி வந்தன. கொள்முதல் பில்களையும் தேடி எடுத்தோம். அதில் பாதியை அந்தக் கணக்கர் ஏற்றவே இல்லை. நியாயமாக எங்களுக்கு வரவேண்டிய கழிவு அது. இன்னொன்றும் கிடைத்தது: வீட்டுக்கு வாங்கிய ஃபிரிட்ஜை என் கணவர் கடைப் பெயரில் பில் போட்டிருந்தார். “அப்பா, இது நம்ம சொந்தச் செலவு. இதுக்குக் கழிவு எடுக்கக் கூடாது” என்று மகள் அதைத் தனியே எடுத்து வைத்தாள்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஊரில் ஓர் ஆடிட்டரிடம் போனோம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். இரண்டு இடத்தில் பென்சிலால் திருத்தினார். “யாரும்மா இதை எழுதினது?” என்று கேட்டார். மகள் எழுந்து நின்றாள். “லீவுல வந்து ஆபீஸ்ல உட்காரு. கத்துக்கலாம்” என்றார்.

ஒரு வாரத்தில் மூன்று மாதக் கணக்கும் தாக்கலாயிற்று. வரியை இரண்டாம் முறை கட்டினோம். அதற்கு என் இரண்டு வளையல் அடகுக்குப் போயிற்று. அவை திரும்ப எட்டு மாதம் ஆயிற்று. கடை தப்பித்தது.

சகோதரிகளே, கணக்கு தெரிந்திருந்தால் ஏமாறவே மாட்டோம் என்று நான் சொல்லவில்லை. ரசீது கேட்கத் தோன்றியிருக்கும். அதைத்தான் சொல்கிறேன்.

பட்டம் வாங்கினால் போதுமா?

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பி.காம். பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நல்ல வேலைக்குப் போவது கஷ்டம். வருடா வருடம் எத்தனையோ ஆயிரம் பேர் அதே பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். என் மகளோடு படித்தவர்களில் சிலர் ஜவுளிக் கடையில் பில் போடுகிறார்கள். எந்த வேலையும் கேவலம் இல்லை. ஆனால் அதற்கு மூன்று வருடம் தேவையில்லை என்று என் நாத்தனார் சொன்னது அந்த இடத்தில் பலித்துப் போகிறது. பட்டத்தோடு இன்னொன்று சேர வேண்டும். எது சேரலாம் என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

உடனே சம்பாதிக்க வேண்டிய குடும்பமா? டாலி போன்ற கணக்கு மென்பொருளையும் ஜி.எஸ்.டி. தாக்கலையும் கல்லூரி நாட்களிலேயே கற்றுக்கொள்ளட்டும். பெங்களூரில் 1986இல் தொடங்கிய கம்பெனி டாலி. இன்று சின்னக் கடை முதல் மில் வரை கணக்கு வேலை என்றால் முதலில் கேட்பது, “டாலி தெரியுமா?” என்றுதான். ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு வருடம் இருந்தால் பிறகு எந்தக் கம்பெனிக் கணக்குப் பிரிவிலும் நிற்கலாம்.

பி.காம். முடித்தவர்கள் பதிவு செய்து, அதற்குரிய பரீட்சையில் தேறி, ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் ஆகலாம். மற்ற கடைக்காரர்களின் கணக்கைத் தாக்கல் செய்து கொடுத்துக் கட்டணம் வாங்கலாம். ஒரு கம்ப்யூட்டரும் இணைப்பும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களுக்கு இது ஒரு நல்ல வழி. ஆனால் மாதா மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் வந்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் கவனம் அங்கேதான் இருக்க வேண்டும்!

அரசு வேலை என்றால் எந்தப் பட்டதாரியும் எழுதும் வங்கித் தேர்வுகள் இருக்கின்றன. மத்திய அரசின் தணிக்கைத் துறையில் ஆடிட்டர், அக்கவுண்டன்ட் வேலைகளுக்கு எஸ்.எஸ்.சி. தேர்வு. தமிழக அரசில் டி.என்.பி.எஸ்.சி. இங்கெல்லாம் போட்டி கடுமை. பட்டம் கையில் வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று இருக்காமல் இரண்டாம் வருடத்திலிருந்தே தயாராக வேண்டும். ஆசிரியர் வேலையில் ஆசை உள்ள பெண்கள் எம்.காம்., பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் காமர்ஸ் சொல்லித் தரலாம்.

ஒரு பெயர் மயக்கம்

எதிர் வீட்டு அம்மாள் ஒரு நாள், “எம் பொண்ணு சி.ஏ. படிக்கிறா” என்று பெருமையாகச் சொன்னார். விசாரித்தால் அது பி.காம். சி.ஏ.! அதில் வரும் சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமலே பல பெற்றோர் சேர்த்து விடுகிறார்கள். நல்ல படிப்புதான்; அது முடிந்ததும் மகள் ஆடிட்டராகி விடுவாள் என்று மட்டும் எண்ண வேண்டாம். கார்ப்பரேட் செகரட்டரிஷிப், பேங்க் மேனேஜ்மென்ட் என்றும் பிரிவுகள் இருக்கின்றன. சேரும் முன் கல்லூரியில் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மூன்று பெரிய படிகள்

சி.ஏ. படிப்பை எந்தப் பல்கலைக்கழகமும் நடத்துவதில்லை. 1949இல் தனிச் சட்டத்தால் ஏற்பட்ட இந்தியச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் நிறுவனம் நடத்துகிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் ஃபவுண்டேஷனில் ஆரம்பிக்கலாம். பி.காமில் 55 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்கினால் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். அங்கே இரண்டு குரூப், மொத்தம் ஆறு தாள். அதன் பிறகு ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருடப் பயிற்சி. பிறகு ஃபைனல். ஒவ்வொரு தாளிலும் 40 வாங்கினால் போதாது. குரூப் மொத்தத்தில் 50 சதவீதமும் வர வேண்டும். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைகளே இங்கே இரண்டு மூன்று முறை எழுதுகிறார்கள்.

இந்தத் துறையில் இந்தியாவிலேயே முதல் பெண் யார் தெரியுமா? நம் சென்னையில் வாழ்ந்த ஆர். சிவபோகம் அம்மையார்தான். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு ஒரு வருடம் சிறையில் இருந்தவர். 1933இல், அன்றிருந்த அரசாங்கக் கணக்கியல் டிப்ளமோவில் தேறினார். பிற்பாடு 1955 முதல் 1958 வரை சி.ஏ. நிறுவனத்தின் தென்னிந்தியக் கிளைக்குத் தலைவராகவே இருந்தார். பெண்கள் வெளியே போய் வேலை பார்ப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், கம்பெனி கம்பெனியாகப் போய்க் கணக்கைக் காட்டு என்று கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இரண்டாவது படி, காஸ்ட் அக்கவுண்டன்சி. இதற்கான சட்டம் 1959இல் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து நாச்சியார்கோயில் குத்துவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பித்தளை எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, வார்ப்படக் கூலி, கடைசல் கூலி, கரி, வாடகை எவ்வளவு? எல்லாம் சேர்த்து ஒரு விளக்கின் அடக்கம் என்ன? எவ்வளவுக்கு விற்றால் கட்டும்? பட்டறையில் மனக்கணக்காகப் போடுவதையே பெரிய தொழிற்சாலையில் தாள் தாளாகப் போடுபவர் காஸ்ட் அக்கவுண்டன்ட். சிமென்ட், சர்க்கரை, மருந்து என்று உற்பத்தி நடக்கும் இடமெல்லாம் இவர்களுக்கு வேலை உண்டு.

மூன்றாவது, கம்பெனி செகரட்டரி. 1980ஆம் வருடச் சட்டப்படி நடக்கும் படிப்பு. கணக்கைவிடச் சட்டத்தில் நாட்டம் உள்ள பெண்களுக்குப் பொருந்தும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் முழு நேரக் கம்பெனி செகரட்டரி ஒருவரை வைத்தே ஆக வேண்டும்.

கம்ப்யூட்டரே எல்லாம் செய்யாதா?

இந்தக் கேள்வியை என் தம்பி கேட்டான். இனிமேல் பதிவு எல்லாம் தானாகவே விழுந்துவிடும், கணக்கருக்கு என்ன வேலை என்றான். எழுதுகிற வேலை குறைவது உண்மைதான். வெறுமனே பில்லைப் பார்த்துத் தட்டச்சு செய்பவருக்கு வருங்காலத்தில் இடம் சுருங்கும்.

ஆனால் மகள் ஒன்று சொன்னாள். இருப்பாய்வு என்று ஒரு பட்டியல் போடுவார்கள். பற்றும் வரவும் இரண்டு பக்கமும் சரியாகக் கூடி வரும். அப்படி வந்தாலும் கணக்கு தப்பாக இருக்கலாம்! ஒரு பில்லை அடியோடு விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறையும், வித்தியாசம் தெரியாது. வீட்டு ஃபிரிட்ஜைக் கடைச் செலவில் எழுதினாலும் கூட்டல் சரியாகத்தான் வரும். இயந்திரம் கூட்டித் தரும். ‘இந்த ஃபிரிட்ஜ் எங்கே இருக்கு?’ என்று ஒரு மனுஷி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் அறிவைத்தான் இந்தப் படிப்பு கொடுக்கிறது.

மறுபடியும் ஒரு ராத்திரி

2024இல் மகள் பி.காம். முடித்தாள், 78 சதவீதம். முடித்த மாதமே மாயவரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. கொண்டுவந்தவர் என் நாத்தனார்தான். நல்ல குடும்பம், பையனுக்குச் சொந்த வியாபாரம். மேலே படிக்க வேண்டாம் என்பது மட்டும் அவர்கள் தரப்பு. என் கணவர் பாதி சம்மதித்துவிட்டார்.

என் இருபத்து மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் அன்றுதான் நான் குரலை உயர்த்தினேன். “ஏங்க, அந்த டிசம்பர் மாசத்தை மறந்துட்டீங்களா? அன்னிக்கு அவ இல்லேன்னா இந்தக் கடை இருந்திருக்குமா? நம்ம கடையைக் காப்பாத்தினவளுக்கு மூணு வருஷம் கொடுக்கக் கூடாதா?” என்றேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. மறுநாள் அவரே சி.ஏ. இன்டர்மீடியட்டுக்குப் பதிவுப் பணம் கட்டினார்.

வரன் வேறு இடத்தில் முடிந்தது. நாத்தனாருக்கு மனத்தாங்கல். இன்று வரை விசேஷங்களில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறார், பழைய மாதிரி அடுப்படியில் வந்து உட்காருவதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

2025 மே மாதப் பரீட்சையில் மகள் ஒரு குரூப் தேறினாள், இன்னொன்றில் ஏழு மார்க்கில் போயிற்று. மூன்று நாள் அறையை விட்டு வரவில்லை. நான் செய்தது சரிதானா, அந்த வரனை விட்டிருக்கக் கூடாதோ என்று எனக்கே ஆட்டம் கண்டது. என் கணவர் அறை வாசலில் போய் நின்று, “கடையில போன மாசம் நட்டம்தான். அதுக்காகக் கதவைச் சாத்திட்டா இருக்கேன்?” என்றார். செப்டம்பரில் மறுபடி எழுதினாள், தேறினாள். இப்போது திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறாள். சிறிய உதவித்தொகைதான். ஹாஸ்டல் பணத்துக்கே சரியாகப் போகிறது. ஃபைனல் இன்னும் இருக்கிறது. ஒரே தடவையில் தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. தேறாவிட்டாலும் அவள் கற்றது அவளோடு இருக்கும்.

அம்மாக்களுக்கு நாலு வார்த்தை

பிளஸ் டூவில் காமர்ஸ் எடுக்கும் பிள்ளையை, “மார்க் குறைவு, அதான்” என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பி.காம். சேர்க்கும் அன்றே, அதற்குப் பிறகு என்ன என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். சி.ஏ. என்றால் நாலைந்து வருடமும் இரண்டொரு தோல்வியும் ஆகலாம் என்று அப்பாவுக்கும் சொல்லி வையுங்கள். லீவு நாட்களில் தெரிந்த கடையிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ உட்கார வையுங்கள். தபால் வழியில் படிக்க விரும்பினால் 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வேறு எதில் சேர்ந்தாலும் யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இப்போது கடையின் அன்றாடக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு நீள நோட்டைத் திறப்பேன். என் கணவர் எடுப்புச் சீட்டுகளைச் சட்டைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் சரி பார்ப்பாள். “அம்மா, நீங்களும் பி.காம். சேருங்களேன், நான் சொல்லித் தர்றேன்” என்கிறாள்.

போன வாரம் மார்க் ஷீட்டைப் புடவை நடுவிலிருந்து எடுத்து மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தோடு அதன் நகல் வைக்க வேண்டுமாமே!